புகையிலையின் பற்று வரவு

கள்ளுக்கு எதிராகத் திருவள்ளுவர் ஒரு தனி அதிகாரமே வைத்தார். சூதுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. புகைக்கு மட்டும் இல்லை. 'வள்ளுவரே ஒன்றும் சொல்லவில்லையே, அப்புறம் என்ன?' என்று வேடிக்கையாகக் கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. காரணம் ரொம்ப எளிது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்து இறக்கும் வரை அது நம் மண்ணில் இல்லை. இல்லாத ஒன்றைக் கடிந்து அதிகாரம் எழுத முடியாது அல்லவா?

ஆனால் வந்த பிறகு அது நம்மை விடவில்லை. சீனிச் சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்றே ஒரு பிரபந்தம் பாடினார். பழனி முருகனிடம் காதல் கொண்ட பெண்ணுக்காகத் தூது போவது அன்னமோ கிளியோ அல்ல, புகையிலை! உ.வே.சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட நூல் அது. தூது அனுப்பும் அளவுக்கு ஒரு பொருள் மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்தது என்றால், அதைச் சட்டம் போட்டு ஒரே நாளில் ஒழித்துவிட முடியாது என்பதும் புரிகிறது.

புகை பிடிப்பது ஒருவனுடைய சொந்த விஷயமா, ஊர் விஷயமா? அரசாங்கம் இதில் எவ்வளவு தூரம் தலையிடலாம்? இதனால் ஏற்படும் செலவு யார் தலையில் விழுகிறது? இந்த மூன்று கேள்விகளையும் நம் சங்க மலருக்காக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. டில்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் தணிக்கைக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். பற்று எது, வரவு எது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் முக்கூடல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். என் அம்மா பீடி சுற்றிய காசில்தான் நான் படித்தேன். ஆகவே இந்த வழக்கில் எனக்கு இரண்டு பக்கமும் உறவு.

பழைய வழக்கு

இந்த விவாதம் ஏதோ இப்போது தொடங்கியது என்று நினைக்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பீஜப்பூர் போய்த் திரும்பிய அசத் பேக் என்ற அதிகாரி, அக்பருக்குப் புகையிலையும் மணி பதித்த புகைக்குழாயும் காணிக்கையாகக் கொண்டுவந்தார். அக்பர் இரண்டு இழுப்பு இழுத்தார். உடனே அரண்மனை ஹக்கீம் குறுக்கிட்டார்: நம் நூல்களில் இல்லாத, நாம் சோதித்துப் பார்க்காத பொருளை அரசர் உட்கொள்வதா? அசத் பேக் விடவில்லை. எல்லா வழக்கமும் ஒரு நாள் புதிதாக இருந்ததுதானே என்று வாதாடினார். அக்பர் அந்த வாதத்தை ரசித்தார். ஆனால் மறுபடி புகைக்கவில்லை. பிரபுக்களோ ஆளுக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வியாபாரிகள் விற்கத் தொடங்கினார்கள். இத்தனையையும் அசத் பேக்கே எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து வந்த ஜஹாங்கீர் 1617இல் புகையிலைக்குத் தடை விதித்தார். தடை நிற்கவில்லை. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604இல் புகையிலையைத் திட்டி ஒரு சிறு நூலே எழுதினார். அதே ஆண்டு ஒரு பவுண்டு எடைக்கு 2 பென்ஸாக இருந்த தீர்வையை 6 ஷில்லிங் 10 பென்ஸாக உயர்த்தினார். பிற்பாடு கஜானாவுக்கு அந்த வருமானமே இன்றியமையாததாகிவிட்டது. தடை, வரி என்று இன்றைய அரசுகள் கையில் வைத்திருக்கும் இரண்டு கருவிகளும், அவற்றின் பலவீனமும், நானூறு வருடம் முன்பே தெரிந்துவிட்டன.

ரயில் பெட்டியில் சட்டம்

டில்லித் தமிழர்களுக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் சென்னைக்கு இரண்டு இரவுப் பயணம். இரண்டாம் வகுப்புப் பெட்டியில் எதிர் சீட்டுக்காரர் பீடியைப் பற்ற வைப்பார். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்போது சட்டமே இல்லையா? இருந்தது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167ஆம் பிரிவு, 'சக பயணி ஆட்சேபித்தால்' அந்தப் பெட்டியில் புகைக்கக் கூடாது என்கிறது. அபராதம் 100 ரூபாய் வரை.

அந்த வாசகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆட்சேபித்தால்தான் தடை. வாய் திறக்க வேண்டிய பொறுப்பு புகைக்காதவர் மேல். முன்பின் தெரியாத ஊர்க்காரர்களுக்கு நடுவே, பாஷையும் சரியாக வராத ஒரு பெண்பிள்ளை, முரட்டு ஆசாமியிடம் 'அணைத்துவிடுங்கள்' என்று சொல்ல வேண்டும். நடக்கிற காரியமா? சட்டம் யாருடைய சௌகரியத்தை இயல்பானதாக எடுத்துக்கொள்கிறதோ, அவர் பக்கம்தான் தராசு சாயும்.

அந்தத் தராசு பிறகு மெல்ல மெல்லத் திரும்பியது. டில்லி 1996இலேயே பொது இடப் புகைக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், ரயில் உள்ளிட்ட வாகனங்கள் ஆகியவற்றில் புகைக்கத் தடை விதித்தது. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையே அதற்கு ஆதாரம். புகைக்காதவன் எந்தக் குற்றமும் செய்யாமல் ஏன் நோயாளியாக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பின்னர் 2003இல் நாடு முழுவதற்குமான புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல், பொது இடங்களில் புகைப்பதற்கு 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதிகள் நடைமுறைக்கு வந்தன. இப்போது யாரும் ஆட்சேபிக்க வேண்டியதில்லை. அறிவிப்புப் பலகை வைப்பதும், புகைப்பதைத் தடுப்பதும் அந்த இடத்தின் பொறுப்பாளருடைய கடமை.

'என் காசு, என் நுரையீரல்'

இனி மறு தரப்பு வாதத்துக்கு வருவோம். அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. 'நான் வயது வந்தவன். கெடுதல் என்று தெரிந்தேதான் பிடிக்கிறேன். எண்ணெய்ப் பலகாரமும் கெடுதல்தான், ஸ்கூட்டர் ஓட்டுவதும் ஆபத்துதான். அரசாங்கம் என் அப்பாவா?' என்று என் அலுவலக நண்பர் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி.

இதற்கு நல்ல தத்துவப் பின்புலமும் உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு நேராத வரை ஒருவனுடைய செயலில் சமுதாயம் தலையிடக் கூடாது என்று வாதிட்டார். (இந்த மில், 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். நம்மைப் போல ஆபீஸ் போய் வந்தவர்தான்!) மில்லை வைத்தே இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில், பிறருக்குத் தீங்கு. ஜப்பானில் தாகேஷி ஹிராயாமா என்ற ஆய்வாளர், தாங்கள் புகைக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு வருடம் தொடர்ந்து கவனித்தார். கணவர் அதிகமாகப் புகைக்கும் வீட்டில், மனைவிக்கு நுரையீரல் புற்றுநோயால் சாவு வரும் அபாயமும் அதிகமாக இருந்தது. 1981இல் அந்த ஆய்வு வெளிவந்தபோது புகையிலைக் கம்பெனிகள் ஆத்திரப்பட்டன. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் அதையே உறுதி செய்தன. ஆக, மூடிய இடத்தில் புகைப்பது சொந்த விஷயம் அல்ல. மில்லின் அளவுகோல்படியே அது ஊர் விஷயம்.

இரண்டாவது, 'தெரிந்தே தேர்ந்தெடுக்கிறேன்' என்பது. எப்போது தேர்ந்தெடுத்தோம்? 2016-17இல் எடுத்த தேசிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் இந்தப் பழக்கம் தொடங்கும் சராசரி வயது சுமார் 19. சராசரியே 19 என்றால், அதற்கு முன்பே தொடங்கியவர்கள் எத்தனை பேர்! நாற்பது வயதில் 'என் இஷ்டம்' என்று சொல்பவர், உண்மையில் பதினேழு வயதில் நண்பன் நீட்டியதை வாங்கிக்கொண்ட பையனின் முடிவைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். நிகோடின் மூளையைப் பழக்கிவிட்ட பிறகு 'வேண்டாம்' என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை சுதந்திரத்தில் அடங்காது என்று மில்லே சொல்லியிருக்கிறார்.

அதே சமயம் மில் விற்பனைத் தடையை எதிர்த்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. அரசுக்கு எப்படியும் வரி வேண்டும், அப்படியானால் கெடுதல் தரும் பொருள்கள் மேல் வரி போடுவதில் தவறில்லை என்ற அளவோடு நின்றார். என் கருத்தும் ஏறக்குறைய அதுவே. தனியாக, திறந்த வெளியில், யார் மூக்கிலும் படாமல் புகைக்கும் வயது வந்தவரைத் துரத்துவது சட்டத்தின் வேலை இல்லை. மற்றவர் காற்றைக் காப்பதும், சிறுவர்களை அண்டவிடாமல் பார்ப்பதும், பெட்டியின் மேல் உண்மையை அச்சடிக்க வைப்பதும் அதன் வேலை. பெட்டியில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. வியாபார உரிமையா, மக்கள் ஆரோக்கியமா என்ற கேள்வியில் ஆரோக்கியத்துக்கே முதலிடம் கிடைத்தது.

கணக்குப் புத்தகம்

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். 'புகைக்கிறவன் கட்டும் வரியில்தான் அரசாங்கமே நடக்கிறது. அவன் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் பென்ஷனும் மிச்சம்' என்று குரூரமாக ஒரு வாதம் உண்டு. கேலிக்குச் சொல்வதல்ல இது. 2001இல் செக் நாட்டில், பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் கம்பெனிக்காக ஆர்தர் டி லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனம் இப்படியே கணக்குப் போட்டது. புகைப்பவர்கள் சீக்கிரம் இறப்பதால் பென்ஷன், முதியோர் மருத்துவம், வீட்டு வசதி ஆகியவற்றில் அரசுக்கு மிச்சம் என்றும், எல்லாம் சேர்த்து 1999இல் அரசுக்கு லாபமே என்றும் அறிக்கை சொன்னது. உலகமே காறித் துப்பியது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது.

தணிக்கைக்காரன் என்ற முறையில் அந்தக் கணக்கில் என்ன பிழை என்று சொல்கிறேன். செத்துப்போனவனின் உயிருக்கு அதில் மதிப்பு பூஜ்யம். அரசாங்கத்தின் பேரேடு மட்டும் பார்க்கப்பட்டது. குடும்பத்தின் பேரேடு பார்க்கப்படவில்லை. நான் பென்ஷன்காரன். நாளைக்கே நான் போய்விட்டால் அரசாங்கத்துக்கு மிச்சம்தான். அதற்காக என் சாவை வரவு என்று எழுதலாமா?

நம் நாட்டில் அந்த வாதம் இன்னும் பலவீனம். பீடி பிடிக்கும் கூலிக்காரருக்கு என்ன பென்ஷன் இருக்கிறது, மிச்சப்படுத்த? 2017-18ஆம் ஆண்டில் புகையிலையால் இந்தியாவுக்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு 1,77,341 கோடி ரூபாய் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகம். அதில் நேரடி மருத்துவச் செலவு கால் பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் நோயில் படுத்ததாலும் அகால மரணத்தாலும் இழந்த சம்பாத்தியம். வரவுப் பக்கம் எவ்வளவு? 2011ஆம் ஆண்டுக்கான முந்தைய ஆய்வில் இழப்பு 1,04,500 கோடி. அப்போது எல்லாப் புகையிலைப் பொருள்களிலிருந்தும் வந்த மத்திய கலால் வரி, அந்த இழப்பில் ஏறத்தாழ 17 சதவீதம் மட்டுமே.

இந்தக் கணக்கை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். பொதுச் செலவு, பொதுச் செலவு என்கிறோமே, அதில் பெரும் பகுதி கஜானாவிலிருந்து போவதில்லை. சம்பாதிக்கும் ஆண் படுத்துவிட்டால், அடகுக் கடைக்குப் போகும் தாலிக்கொடியிலும், பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளையின் எதிர்காலத்திலும்தான் அது எழுதப்படுகிறது. 'என் காசு' என்பவர் தன் காசை மட்டும் செலவழிப்பதில்லை.

பீடியின் இரண்டு பக்கம்

எங்கள் பெரியப்பா நாள் ஒன்றுக்கு இரண்டு கட்டு பீடி பிடிப்பார். ஐம்பத்திரண்டு வயதில் காசநோயில் போய்விட்டார். காசநோய் கிருமியால் வருவது, பீடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் ஊரில் எல்லோரும் எண்ணினார்கள். பல வருடம் கழித்துப் பதில் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோ முதலிய ஆய்வாளர்களும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து, 2003இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். காசநோயால் சாகும் அபாயம், புகைக்காதவரைவிடப் புகைப்பவருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகையே காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு. கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். புகை அதை எழுப்பிவிடுகிறது.

பீடி சின்னது, இலையால் ஆனது, அதனால் கெடுதல் குறைவு என்பதும் நம் ஜனங்களின் நம்பிக்கை. பிரபாத் ஜா குழுவினர் 2008இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, பீடி பிடிக்கும் ஆண் சுமார் ஆறு வருட ஆயுளையும், பெண் சுமார் எட்டு வருடத்தையும், சிகரெட் பிடிக்கும் ஆண் சுமார் பத்து வருடத்தையும் இழப்பதாகக் காட்டியது.

அப்படியானால் பீடிக்கும் சிகரெட் அளவுக்கு வரி போட வேண்டாமா? இங்கேதான் எனக்கு மனசு கஷ்டப்படுகிறது. சொளவை மடியில் வைத்துக்கொண்டு, இலையை அளவாக வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி முடித்தால்தான் அன்றைய கூலி. சரியில்லை என்று கடையில் கழித்துப் போட்டால் அதுவும் அம்மா தலையில்தான். 'பீடி சுத்தலேன்னா உலை கொதிக்காதுல' என்பாள். ஆயுசில் ஒரு பீடியும் பிடிக்காதவளுக்குப் புகையிலைத் தூளால் ஓயாத இருமல். நாட்டில் ஏறக்குறைய 50 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

இவர்களைக் காட்டித்தான் பீடி வரி எப்போதும் தாழ்வாகவே வைக்கப்பட்டது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது இரண்டுக்கும் 28 சதவீதம் என்றாலும், சிகரெட்டுக்கு மட்டும் அதன் மேல் தனி செஸ் விழுந்தது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில், சிகரெட்டை 40 சதவீதத்துக்கு ஏற்றவும், பீடியை 18 சதவீதத்துக்கு இறக்கவும் முடிவெடுத்தது. யாருக்கு இந்தச் சலுகை? சுற்றுகிற பெண்ணின் கூலி வரி குறைந்ததால் தானாக ஏறிவிடாது. பிடிக்கிற ஏழைக்குச் சாவு மலிவாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். நம்மைப் போன்ற நாடுகளில் விலை 10 சதவீதம் ஏறினால் உபயோகம் சுமார் 5 சதவீதம் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதலில் விடுகிறவர்கள் ஏழைகளும் இளைஞர்களுமே. ஆகவே வரியைக் கூட்டி, அந்த வருமானத்தில் ஒரு பங்கை பீடிப் பெண்களுக்கு வேறு தொழில் அமைத்துத் தரச் செலவிடுவதே முறை. 2004இல் இந்தியா ஏற்றுக்கொண்ட சர்வதேசப் புகையிலை ஒப்பந்தத்தின் 17ஆவது பிரிவும் இந்த மாற்றுப் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறது. ஏட்டில் இருப்பது முக்கூடலுக்கும் மேலப்பாளையத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஒரேயடியாகத் தடை செய்தால்?

பூட்டான் செய்து பார்த்தது. 2004இல் விற்பனையை அடியோடு தடை செய்தது. எல்லை தாண்டிக் கள்ளக் கடத்தல் பெருகியது. கொரோனா காலத்தில் கடத்தல்காரர்களோடு நோயும் வந்துவிடும் என்று பயந்து, 2021இல் தடையைத் தளர்த்திவிட்டார்கள். குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் விற்கக் கூடாது என்று நியூசிலாந்து 2022இல் சட்டம் இயற்றி, ஆட்சி மாறியதும் 2024இல் அதை ரத்து செய்தது. மாலத்தீவு 2025 நவம்பர் முதல், 2007இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு அத்தகைய தடையைக் கொண்டுவந்திருக்கிறது. பலன் தெரியப் பல வருடம் ஆகும். ஜஹாங்கீர் கண்ட பாடம் இன்னும் பழசாகவில்லை.

ஆனால் அளவான கட்டுப்பாடு வீண் என்று யாரும் சொல்ல முடியாது. புகையிலை உபயோகிக்கும் பெரியவர்கள் நம் நாட்டில் 2009-10இல் 34.6 சதவீதம், 2016-17இல் 28.6 சதவீதம். சட்டம், வரி, படம், பிரசாரம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

நம் வீட்டு வாசல்

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் என்னை உறுத்துகிறது. பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் தங்கள் வீட்டுக்குள்ளேயே பிறர் புகையைச் சுவாசிக்கிறார்கள். சட்டம் ரயிலுக்குள் வந்தது, ஆபீசுக்குள் வந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் போகக் கூடாது என்பதும் சரிதான். அங்கே சட்டம் நாம்தான். இரண்டு அறை குவார்ட்டர்ஸில், டில்லிக் குளிருக்கு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு புகைத்தால், புகை எங்கே போகும்? பேரன் பேத்தி மார்புக்குள்தான் போகும்.

வருடா வருடம் தேர்வுக்குப் படிக்கவும் வேலைக்கும் ஊரிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். தனிமை, குளிர், தேர்வு பயம், டீக்கடை வாசலில் சில்லறையாக விற்கும் ஒற்றைச் சிகரெட். சில்லறையாக வாங்கும்போது விலையும் உறைக்காது, பெட்டியின் படமும் கண்ணில் படாது. மகாராஷ்டிரம் 2020இல் இந்தச் சில்லறை விற்பனைக்குத் தடை போட்டதன் நியாயம் இதுவே. அந்தப் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். 'எப்பவாவது ஒண்ணு' என்று சொன்னால், 'விட்டுருப்பா, இப்ப விடறது சுலபம்' என்று சொல்லுங்கள். புகையிலையை விட நினைப்பவர்களுக்காக மத்திய அரசின் இலவச ஆலோசனைத் தொலைபேசி 1800-112-356 என்ற எண்ணில் இயங்குகிறது; அதையும் எழுதிக் கொடுங்கள்.

முப்பது வயதில் விட்டவர் இழக்க இருந்த ஆயுளை ஏறக்குறைய முழுவதுமே திரும்பப் பெறுகிறார். ஐம்பதில் விட்டவர் பாதியைப் பெறுகிறார். நான் பார்த்த எந்தப் பேரேட்டிலும், இவ்வளவு காலம் கழித்தும் பற்றை வரவாக மாற்றிக்கொள்ள இடம் இருந்ததில்லை.